தோலின் ஈரமும் தொழிலாளியின் தாகமும்

ஐதராபாத்தின் வடமேற்கு விளிம்பில், மும்பை நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது பட்டான்செரு. 1972 முதல் அங்கே இயங்கும் இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆய்வு நிறுவனத்தில் ‘லீசிஸ்கேன்’ என்றொரு ஏற்பாடு உண்டு. கம்பும் சோளமும் கொண்டைக்கடலையும் நிலக்கடலையும் தொட்டிகளில் வரிசையாக வளர்கின்றன. மேலே லேசர் கருவிகள் நகர்ந்து நகர்ந்து இலைப்பரப்பை அளக்கின்றன. செடி காற்றில் விடும் நீரை, எடையின் குறைவைக் கொண்டு தராசுகள் கணக்கெடுக்கின்றன. உச்சிவெயிலில் எந்த ரகம் நீரைச் சிக்கனமாகச் செலவிடுகிறது, எது தாராளமாக இழந்துவிட்டுப் பிறகு வாடுகிறது என்பது இப்படித்தான் தெரியவருகிறது. வறட்சியைத் தாங்கும் பயிரைத் தேடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு இன்றியமையாதது.

அதே பட்டான்செருவில் மருந்து மூலப்பொருள் ஆலைகள், பெயின்ட் தொழிற்சாலை, உலைக்கூடங்கள் எனப் பெரிய தொழிற்பேட்டை ஒன்று பரந்து கிடக்கிறது. பக்கத்து ராமச்சந்திராபுரத்தில் பெல் நிறுவனம். பாய்லர் முன்னால் நிற்பவரும், தகரக் கூரையின் கீழ் மூட்டை தூக்குபவரும் ஒரு ஷிப்டில் எவ்வளவு நீரை இழக்கிறார்கள் என்று எடைபோட்டுப் பார்க்க எந்த ஆலைக்கும் சட்டக் கட்டாயம் இல்லை. 2015 மே மாத வெப்ப அலையில் நாட்டில் 2,000 பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆந்திரத்தையும் தெலங்கானாவையும் சேர்ந்தவர்கள். வெயிலில் வேலை செய்தே ஆக வேண்டியவர்கள் அதில் நிறையப் பேர். செடிக்குக் கிடைத்த கவனிப்பு மனிதருக்கும் கிடைக்க வேண்டும் என்று கேட்பதில் மிகை ஒன்றுமில்லை.

அந்தக் கவனிப்பைத் தருவதாக வாக்களித்துக்கொண்டு ஒரு தொழில்நுட்பம் வந்திருக்கிறது. தோலோடு வளைந்து, தோலோடு நீண்டு, பிளாஸ்திரியைப் போல ஒட்டிக்கொள்ளும் மெல்லிய உணரிகள். தோலின் ஈரத்தையும் வெப்பத்தையும் வியர்வையின் உப்பையும் அளந்து கைபேசிக்கு அனுப்புபவை. பட்டான்செருவிலிருந்து அதே நெடுஞ்சாலையில் மேற்கே போனால் வரும் கந்தியில், ஐதராபாத் ஐஐடியின் ஆய்வகங்களிலும் இந்தத் துறைக்கான வேலை நடந்திருக்கிறது. இவை எதை அளக்கின்றன, எதை அளக்கவில்லை என்பதை விளங்கிக்கொள்ள வேண்டிய காலம் இது. ஏனென்றால் விற்பவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

முதலில் தோல். நாம் தொட்டு உணரும் மேற்பரப்பு உயிரற்றது. செத்த செல்கள் பதினைந்து இருபது அடுக்குகளாகப் படிந்து, இடையிடையே கொழுப்பு பூசப்பட்ட மெல்லிய படலம் அது. உடலின் பெரும்பகுதியில் அதன் தடிமன் 10 முதல் 20 மைக்ரோமீட்டர்தான். ஒரு தலைமுடியின் குறுக்களவைவிட அது மிகக் குறைவு. உள்ளிருக்கும் நீர் வெளியே ஆவியாகிப் போகாமல் காப்பது இந்தப் படலமே. இதன் கீழ்ப்பகுதியில் 70 விழுக்காடு வரை நீர் இருக்கும். மேலே வர வர அது குறைந்து, பரப்பில் 15 முதல் 30 விழுக்காடு ஆகிறது. சுமார் 10 விழுக்காட்டுக்குக் கீழே போனால் தோல் சொரசொரப்பாகி வெடிக்கிறது. அந்த வெடிப்பின் வழியே கிருமி நுழைகிறது.

இந்த ஈரத்தை அளக்க அறிவியல் பயன்படுத்திக்கொண்டது நீரின் ஒரு தனிக்குணத்தை. மின்புலத்தில் வைத்தால் நீர் மற்ற பொருள்களைவிடப் பல மடங்கு அதிகமாக வினைபுரியும். அதன் விடுதிறன் ஏறத்தாழ 80. உலர்ந்த தோல் புரதத்துக்கோ அது பத்துக்கும் குறைவு. ஆகவே சீப்புப் பற்கள் ஒன்றோடொன்று கோத்தது போன்ற இரண்டு மின்முனைகளைத் தோலின்மீது வைத்து மின்தேக்குத்திறனை அளந்தால், ஈரம் கூடக்கூட எண்ணும் கூடும். பற்களுக்கு இடையிலுள்ள தூரத்தை மாற்றினால், மின்புலம் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதும் மாறும். ஜெர்மனியின் கோல்ன் நகரத்து நிறுவனம் விற்கும் ‘கார்னியோமீட்டர்’ பல பத்தாண்டுகளாக இந்த முறையில்தான் இயங்குகிறது. பேனா போன்ற ஒரு முனையைத் தோலில் அழுத்தினால் எண் வரும். 30க்குக் கீழே மிக வறண்டது, 45க்கு மேலே போதுமான ஈரம் என்று தோல் மருத்துவர்களும் அழகுப்பொருள் நிறுவனங்களும் படிக்கிறார்கள். அந்த எண்ணுக்கு அலகு கிடையாது. கருவி செய்தவர் வகுத்துக்கொண்ட அளவுகோல் அது.

பேனாவை நாள் முழுக்க அழுத்திக்கொண்டிருக்க முடியாது. கருவியே தோலாக வேண்டும். 2011இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜான் ரோஜர்ஸின் குழு அதைச் செய்து காட்டியது. சிலிக்கன் உடையக்கூடியது, தங்கம் நீளாதது. ஆனால் இரண்டையும் மைக்ரோமீட்டர் கணக்கில் மெல்லியதாக்கி, பாம்பு நெளிவாக வளைத்து, தோலின் மென்மைக்கு ஈடான ஒரு ரப்பர் படலத்தில் பதித்தால், தோல் மடங்கும்போது நெளிவுகள் விரிந்து கொடுக்கின்றன. உலோகம் அறுவதில்லை. பசையும் தேவைப்படவில்லை. அவ்வளவு மெல்லிய படலம் மூலக்கூறுகளுக்கு இடையிலான ஈர்ப்பு விசையாலேயே ஒட்டிக்கொண்டது. குழந்தைகள் கையில் ஒட்டி விளையாடும் தற்காலிக டாட்டூவின் தாளையே அவர்கள் தாங்கியாகவும் பயன்படுத்தினார்கள். ‘சயன்ஸ்’ இதழில் வந்த அந்தக் கட்டுரைக்குப் பிறகு உலகெங்கும் ஆய்வகங்கள் இந்தப் பாதையில் இறங்கின.

இரண்டே ஆண்டில், 2013இல், அதே குழுவினர் தோலின் ஈரத்தை அளக்கும் தாள்களைச் செய்தார்கள். ஒன்று மின்வழி. மற்றது வெப்பவழி. இரண்டாவது அழகான யோசனை. நீர் வெப்பத்தை நன்றாகக் கடத்தும், உலர்ந்த தோல் அவ்வளவாகக் கடத்தாது. தோலில் ஒரு புள்ளியை மிக லேசாகச் சூடாக்கிவிட்டு, அந்தச் சூடு எவ்வளவு விரைவில் பரவிப்போகிறது என்று பார்த்தால் ஈரம் தெரிந்துவிடும். வியர்வையின் உப்பு மின்வழி அளவைக் குழப்புவதுபோல இதைக் குழப்புவதில்லை. இந்த வழியிலேயே முன்னேறி, கம்பியில்லாமல் இயங்கும் மலிவான கருவி ஒன்றைச் செய்து, அழற்சி நோயாளிகளின் தோலில் சோதித்து, 2020இல் ‘சயன்ஸ் அட்வான்சஸ்’ இதழில் வெளியிட்டார்கள். எந்தச் சூழலிலும் நம்பலாம் என்பது அவர்களின் உரிமைகோரல்.

சூழல் என்ற அந்தச் சங்கதிதான் நம் நாட்டுக்கு உயிரான கேள்வி. தோலின் ஈரத்தை முறைப்படி அளக்க வேண்டுமானால் அறை 20 முதல் 22 டிகிரியில் இருக்க வேண்டும். காற்றின் ஈரப்பதம் 40 முதல் 60 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். அளக்கப்படுபவர் அந்த அறையில் கால்மணி நேரத்துக்குக் குறையாமல் உட்கார்ந்து வியர்வை அடங்கியிருக்க வேண்டும். பல மணி நேரத்துக்கு முன்பிருந்தே தோலில் எதையும் பூசியிருக்கக்கூடாது. குளிரூட்டிய அறைக்குள் உட்கார்ந்து எழுதப்பட்ட விதிகள் இவை. மே மாதத்துப் பட்டான்செருவில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டும். தலையிலும் கையிலும் தேங்காய் எண்ணெய் இருக்கும், பட்டறைத் தூசி இருக்கும், வழிகிற வியர்வை இருக்கும். ஆய்வகத்தில் அழகாக ஏறி இறங்கிய வரைகோடு இங்கே உச்சியில் போய் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். உணரிக்குத் தெரிவது வியர்வை மட்டுமே.

ஒட்டிய கருவியே தோலை மாற்றிவிடும் சிக்கலும் உண்டு. காற்றுப் புகாத பிளாஸ்டிக் படலத்தை ஒட்டினால் அடியில் நீராவி தேங்கித் தோல் ஊறும். கருவி தானே உண்டாக்கிய ஈரத்தைத் தானே அளந்து சொல்லும். ஜப்பானில் தகாவோ சொமேயா குழு 2017இல் இதற்கு ஒரு தீர்வு கண்டது. நீரில் கரையும் இழைகளை வலையாகப் பின்னி, மேலே தங்கத்தைப் படியவைத்து, தோலில் வைத்து நீர் தெளித்தார்கள். இழை கரைந்தது, தங்க வலை மட்டும் தோலில் தங்கியது. காற்றும் வியர்வையும் தடையின்றி வெளியேறின. இருபது பேர் ஒரு வாரம் அணிந்து பார்த்ததில் அழற்சி காணப்படவில்லை. வெப்ப நாடுகளுக்கு இந்தக் குணம் இல்லாத உணரி உதவாது.

இனி, இந்தத் துறையில் மிக அதிகமாகக் குழப்பப்படும் விஷயம். தோலின் ஈரம் வேறு, உடலின் நீர்ச்சத்து வேறு. மேற்தோலின் ஈரத்தைப் பார்த்து உடலின் நீர்நிலையைச் சொல்வது, வீட்டுச் சுவரின் ஈரத்தைத் தடவிப் பார்த்துக் கிணற்றின் நீர்மட்டத்தைச் சொல்வதற்குச் சமம். உடலில் நீர் வற்றிக்கொண்டிருக்கும் மனிதரின் தோல் வியர்வையில் பளபளக்கும். நிறையத் தண்ணீர் குடித்தவரின் கால் வெடித்திருக்கும். வயிற்றுப்போக்கு கண்ட குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டு அது மெதுவாகத் திரும்புகிறதா என்று மருத்துவர்கள் பார்ப்பது உண்மை. அந்தச் சோதனை காட்டுவது அடித்தோலின் தளர்ச்சியை. 20 மைக்ரோமீட்டர் மேற்படலத்துக்கு அதில் பங்கு சிறிது. ஆகவே ‘நீரேற்றம்’ என்று பெட்டியின்மேல் அச்சிட்டு விற்கும் எந்தப் பட்டையையும், எதன் நீரேற்றம் என்று கேட்காமல் வாங்கக்கூடாது.

உடல் இழக்கும் நீருக்கு வேறு வகை உணரிகள் வந்திருக்கின்றன. அவை வியர்வையையே பிடித்துப் படிக்கின்றன. 2016 ஜனவரியில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் அலி ஜாவேயின் குழு, வியர்வையிலுள்ள சோடியம், பொட்டாசியம், குளுக்கோஸ், லாக்டேட் நான்கையும் தோல் வெப்பத்தோடு சேர்த்து ஒரே பட்டையில் அளந்து ‘நேச்சர்’ இதழில் எழுதியது. அதே ஆண்டின் இறுதியில் ரோஜர்ஸ் குழு, மயிரிழைக் கால்வாய்கள் பதித்த ரப்பர் வில்லை ஒன்றைக் கொண்டுவந்தது. வியர்வை தானே அதில் ஏறி, நிறம் மாறி, எவ்வளவு சுரந்தது என்று காட்டும். மின்கலமும் வேண்டாம். அதிலிருந்து பிறந்த பட்டையை 2021இல் ஒரு பான நிறுவனம் விளையாட்டு வீரர்களுக்கென விற்பனைக்குக் கொண்டுவந்தது. பானம் விற்கிறவரே தாகத்தையும் அளந்து சொல்வது வணிகத்துக்கு வசதியானது. ஓட்டப்பந்தய வீரரைவிட நீண்ட நேரம், அவரைவிடக் கடும் வெயிலில் வியர்க்கும் உப்பளத் தொழிலாளியை எண்ணி அந்தப் பொருள் செய்யப்படவில்லை.

அவருடைய கணக்கைச் சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபாலும் உடனாய்வாளர்களும் எடுத்திருக்கிறார்கள். 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆராய்ந்தார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பாதுகாப்பு வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்தார்கள். நூற்றுக்கு ஏழு பேரிடம் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. நாள்தோறும் நீர் வற்றுவதும் பிறகு நிரம்புவதுமாக ஆண்டுகள் கழியும்போது சிறுநீரகம் பழுதாகிறது என்பது மத்திய அமெரிக்கக் கரும்புத் தோட்டங்களிலும் கண்டறியப்பட்ட ஆபத்து.

வித்யா வேணுகோபாலின் வேறோர் ஆய்வு சொல்லும் செய்தி, உணரி செய்பவர்கள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டியது. வேலையிடத்தில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கிறார்கள். அந்தப் பெண்ணின் கையில் உலகின் மிகச் சிறந்த உணரியை ஒட்டி, ‘தண்ணீர் குடியுங்கள்’ என்று கைபேசி பத்து முறை ஒலித்தாலும் அவர் குடிக்கமாட்டார். தாகம் அவருக்குத் தெரியாததில்லை. ஒதுங்க இடமில்லை. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கோடைக்காலத்தில் குளிர்ந்த குடிநீர் தர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முந்தைய அந்த விதிக்கு எந்தச் சிலிக்கனும் மாற்றாகாது.

தோலின் ஈரத்தை அளப்பது வீண் என்று இதற்குப் பொருளில்லை. தோலின் ஈரமே நோயின் செய்தியாக இருக்கும் இடங்களில் அது அருமருந்து. தொழுநோயை எடுத்துக்கொள்ளலாம். 2022–23இல் இந்தியாவில் 1,03,819 புதிய நோயாளிகள் கண்டறியப்பட்டார்கள். உலக எண்ணிக்கையில் பாதிக்கு மேல் இது. தொழுநோய்க் கிருமி நரம்பைத் தாக்கும்போது தொடுவுணர்வோடு வியர்வையும் நின்றுபோகிறது. தேமல் வறண்டு கிடக்கும், பாதம் வெடிக்கும். வெடிப்பு வலிக்காததால் நோயாளி அப்படியே நடப்பார், புண் ஆழமாகும், விரல் போகும். நீரிழிவால் நரம்பு கெட்டவரின் பாதத்திலும் ஏறத்தாழ இதே கதை. பாதத்தின் எந்தப் பகுதி வறண்டுவருகிறது என்று வெடிப்பதற்கு முன்னரே வரைபடமாகக் காட்டும் ஒரு தாள் இருந்தால், கிராமத்துச் சுகாதாரச் செவிலியர் எண்ணெயும் காலணியும் கொடுத்து அந்தக் காலைக் காப்பாற்றிவிடலாம். இங்கே வியர்வை இல்லாமையே அறிகுறி என்பதால், வெப்ப நாட்டில் உணரிகளைக் குழப்பும் அதே வியர்வை பக்கத்துத் தோலோடு ஒப்பிட உதவும். மேற்படலம் முதிராத குறைமாதக் குழந்தைகளுக்கும், கரப்பான் கண்ட பிள்ளைகளுக்கும் பயன் உண்டு. அழகுப்பொருள் சந்தை கொடுக்கும் பணத்தில் வளர்ந்த இந்தத் துறைக்கு இவைதான் உண்மையான வேலைகள்.

கந்தி ஐஐடிக்கு வருவோம். 2008இல் தொடங்கி, சில ஆண்டுகள் எத்துமைலாரம் படைக்கலத் தொழிற்சாலை வளாகத்தில் தற்காலிகமாக இயங்கி, பிறகு சொந்த வளாகத்துக்கு வந்த நிறுவனம் அது. அங்கே மின்பொறியியல் துறையில் சுஷ்மி பதுலிகாவும் அவருடைய மாணவராக இருந்த பரிக்ஷித் சஹாத்தியாவும் 2017இல் ‘நேனோடெக்னாலஜி’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் பென்சில் அழிப்பான்தான் அவர்களின் தாங்கி. கார்பன் நேனோ குழாய்களை அதன்மேல் பரப்பி, உருட்டுக்கட்டையால் தேய்த்து, அழுத்தியில் வைத்து இறுக்கினார்கள். கரைப்பான் எதுவும் இல்லை, தூய்மையறையின் செலவில்லை. இழுப்பையும் அழுத்தத்தையும் உணரும் தோல் போன்ற பரப்பு கிடைத்துவிட்டது. அதே குழு சாதாரண செல்லுலோஸ் தாளின்மேல் மாலிப்டினம் டைசல்ஃபைடு போன்ற பொருள்களை வளர்த்தும் உணரிகள் செய்திருக்கிறது. தாள் ஈரத்தை உறிஞ்சும், மட்கும், எறிந்துவிடலாம், எங்கும் கிடைக்கும்.

இந்த வேலையின் சிறப்பு மலிவில் மட்டும் இல்லை. ஆய்வகத்துக்கு வெளியே, சிறிய பட்டறையில், உள்ளூர்ப் பொருளைக் கொண்டு செய்ய முடிகிற உணரி என்ற எண்ணமே பெரிது. ஒரு ஆலையின் ஐந்நூறு பேருக்கும் தினம் ஒன்று ஒட்ட வேண்டுமானால் தங்க வலை கட்டுப்படியாகாது. அதேசமயம் நேர்மையாகச் சொல்ல வேண்டியதும் உண்டு. அழிப்பான் உணரி அளப்பது இழுப்பையும் அழுத்தத்தையும். தோலின் ஈரத்தை அல்ல. ஒரு பொருள் விரல் பட்டதும் வினைபுரிகிறது என்று காட்டுவதற்கும், ஐந்நூறு பேரின் தோலில் மூன்று மாதம் ஒட்டிப் பார்த்து மருத்துவர் நம்பும் எண்ணைத் தருவதற்கும் இடையே நீண்ட தொலைவு இருக்கிறது. அந்தத் தொலைவைக் கடக்கப் பொறியாளர் மட்டும் போதாது. தோல் மருத்துவர், தொழில்நோய் மருத்துவர், புள்ளியியலாளர், தொழிற்சங்கம் எல்லாரும் வேண்டும். உலகம் முழுவதிலும் இந்தத் துறைக் கட்டுரைகள் குவிகின்றன. களச் சோதனைகளோ குறைவு.

களத்தில் சோதிக்காமல் விட்டால் என்ன நேரும் என்பதற்குக் கொரோனா காலம் ஒரு பாடம் தந்தது. விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவி, கருப்பின நோயாளிகளிடம் ஆக்சிஜன் குறைவைக் காட்டாமல் விட்டது வெள்ளையரிடம் விட்டதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் எழுதினார்கள். ஒளியால் அளக்கும் அந்தக் கருவி பல பத்தாண்டுகளாக மருத்துவமனைகளில் இருந்தது. மின்வழி, வெப்பவழி உணரிகளுக்குத் தோலின் நிறம் அவ்வளவு தடையில்லை. ஆனால் யாருடைய தோலில், எந்த வெயிலில் அளவுகோல் திருத்தப்பட்டது என்ற கேள்வி அவற்றுக்கும் பொருந்தும்.

மற்றொரு கேள்வி, அளந்த எண் யாருக்குச் சொந்தம் என்பது. ஒரு தொழிலாளியின் உடல் வெப்பம், வியர்வை, இதயத்துடிப்பு எல்லாம் மேற்பார்வையாளரின் திரையில் தெரியத் தொடங்கினால், ‘இவர் வெயில் தாங்கமாட்டார்’ என்று வேலையிலிருந்து நிறுத்தவும் அதே எண் பயன்படும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வேலைவாய்ப்பு தொடர்பான நோக்கங்களுக்காக, ஒப்புதல் பெறாமலேயே தரவைக் கையாள முதலாளிக்கு இடம் தருகிறது. ஒப்பந்தத் தொழிலாளர்கள் நிறைந்த தொழிற்பேட்டையில் இந்த விதிவிலக்கு சிறிய விஷயமில்லை.

தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அறிவிப்போடு நின்றுவிடாமல் களத்தில் சோதிக்கவும் வேண்டும். அதற்கு ஐதராபாத்தில் ஐஐடி இருக்கிறது, சனத்நகரில் தொழிலாளர் காப்பீட்டுக் கழகத்தின் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, பட்டான்செருவில் ஆலைகள் இருக்கின்றன. சோதனைக்கு வேண்டிய எல்லாம் ஒரே நகரத்தைச் சுற்றிக் கிடக்கிறது. உணரிப் பட்டையை ஏப்ரல், மே மாதங்களில் ஆலைத் தளத்திலேயே சோதிக்க வேண்டும். ஷிப்டுக்கு முன்னும் பின்னும் தொழிலாளியை எடைபோட்டு, அந்த எடையோடு உணரியின் எண்ணை ஒப்பிட வேண்டும். உடல் எடையில் இரண்டு விழுக்காடு குறைந்தால், அதாவது 60 கிலோ எடையுள்ளவர் 1.2 கிலோ இழந்தால், உடலின் திறன் சரியத் தொடங்குகிறது. கடும் உழைப்பில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் வியர்வை சுரக்கும் என்பதால் அந்த எல்லைக்கு வெகு சீக்கிரம் வந்துவிடலாம். அளவு முதலில் தொழிலாளியின் கைக்கு வர வேண்டும், அவர் இசைந்தால் மருத்துவருக்குப் போகலாம், நிர்வாகத்துக்குப் பெயரில்லாத கூட்டுக்கணக்கு போதும். உணரி ஆயத்தமாகும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஒவ்வொரு ஆலை வாயிலிலும் ஒரு தராசு, உள்ளே குளிர்ந்த தண்ணீர், பெண்களுக்குப் பூட்டுள்ள கழிப்பறை ஆகிய மூன்றையும் இந்தக் கோடைக்கே வைத்துவிட முடியும். தொழிலாளர் துறை அதை உடனே கட்டாயமாக்க வேண்டும்.